காணிக்காரர் மொழியும் நம் வீட்டு மொழியும்



பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் பிற மாநிலங்களில் குடியமர்ந்துள்ள உங்களுக்கு ஒரு காட்சி புதிதன்று. தாய் தமிழில் கேட்கிறாள். பிள்ளை அவ்வூர் மொழியில் விடை சொல்கிறது. தாய் கேட்டது பிள்ளைக்கு விளங்குகிறது. பிள்ளை சொன்னது தாய்க்கும் விளங்குகிறது. ஆகவே குறையொன்றும் இல்லை என்று இருவரும் அமைதி கொள்கின்றனர். ஆனால், ஒரு மொழி ஒரு வீட்டை விட்டு வெளியேறும்போது எடுத்து வைக்கும் முதல் அடி அதுதான். சண்டையின்றி, சத்தமின்றி, எவருடைய கட்டளையும் இன்றி அது நிகழ்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது தமிழின் பெருமை அன்று. அதனைப் பலரும் பலகால் பேசியுள்ளனர். நம் மொழிக்கு அண்டை வீட்டில் வாழும் ஒரு சிறு மொழியைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதன் நிலையை அறிந்தால் நம் வீட்டின் நிலையும் நமக்கு விளங்கும்.

திருவனந்தபுரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் காட்டாக்கடை என்னும் ஊர் உள்ளது. அதற்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களும், எல்லையை ஒட்டிய வெள்ளறடை, பனச்சமூடு போன்ற சிற்றூர்களும் அமைந்துள்ளன. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அது தமிழ்நாட்டு மண். முன்னாளில் இவையனைத்தும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டின் பகுதிகள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காட்டாக்கடை 2014ஆம் ஆண்டில் தனி வட்டமாயிற்று.

எல்லைக்கோடு நிலத்தின்மேல் விழுந்தது, நாவின்மேல் விழவில்லை. இவ்வூர்களில் மலையாளம் பேசும் வீட்டுக்குத் தமிழ் பேசும் மருமகள் வருவாள். தமிழ் பேசும் வணிகர் மலையாளத்தில் கணக்குச் சொல்வார். மலையாளத்தில் மாமன் என்பதும் தமிழில் மாமா என்பதும் அங்கே ஒரே முற்றத்தில் ஒலிக்கும். ஆனால், காட்டாக்கடையிலிருந்து குற்றிச்சல் வழியாகக் கோட்டூர் செல்லும் சாலையில் மலையை நோக்கிச் சென்றால், இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது பேச்சு ஒன்று நம் செவியில் விழும். அது தமிழைப் போலவும் இருக்கும். மலையாளத்தைப் போலவும் இருக்கும். கூர்ந்து கேட்டால் இரண்டும் அன்று என்பது புலனாகும். அதுவே காணிக்காரரின் மொழி. மலம்பாஷை என்றும் அதனை வழங்குவர்.

காணிக்காரர் பொதிகை மலைச்சாரலின் பழங்குடி மக்கள். கேரளத்தில் கோட்டூர், அம்பூரி, விதுரை ஆகிய பகுதிகளின் காடுகளில் அவர்தம் குடியிருப்புகள் உள்ளன. தமிழ்நாட்டில் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை மலைகளிலும், நெல்லை மாவட்டத்துப் பாபநாசம், காரையாறு பகுதிகளிலும் அதே மக்கள் வாழ்கின்றனர். தேன் எடுத்தலும், மரச்சீனியும் மிளகும் பயிரிடுதலும் அவர்தம் தொழில்கள். குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். பூசையும் மருத்துவமும் அறிந்தவர் பிலாத்தி. நோய் தீரவும் விளைச்சல் பெருகவும் பிலாத்தி சாற்றுப்பாட்டு என்னும் பாடலைப் பாடுவார். அப்போது கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசித் தாளம் எழுப்புவர். அந்தப் பாட்டு எந்த ஏட்டிலும் பிறந்ததன்று, வாய்வழியே வந்தது.

காணி என்னும் சொல் தமிழில் நிலவுரிமையைக் குறிக்கும். அப்பெயரையே தம் பெயராகக் கொண்ட மக்கள், தாம் பிறந்த காட்டில் தமக்குள்ள உரிமையைச் சட்டத்தின் வாயிலாக நிலைநாட்ட 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது. நிலத்தின் கதை இவ்வாறாயின், மொழியின் கதை யாது?

பொதிகை மலையைத் தமிழர் அனைவரும் அறிவோம். தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என நம் மரபு போற்றும் அகத்தியர் வீற்றிருக்கும் மலை அது. அதன் உச்சியாகிய அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரமுள்ளது. 2001ஆம் ஆண்டில் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனைத் தன் உலகத் தொகுதியில் சேர்த்தது. அங்குள்ள மரத்துக்கும் பறவைக்கும் விலங்குக்கும் காவல் உண்டு. ஆனால் இலக்கண முனிவரின் மலையடியிலேயே வழங்கும் அம்மொழிக்குத் தனக்கென எழுத்து இல்லை. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் அதற்கு இடமில்லை.

அது திராவிடக் குடும்பத்து மொழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லைக்கோடு அதனை ஒரு விந்தையான நிலைக்கு ஆளாக்கிற்று. கேரளத்துக் காணிப் பிள்ளை மலையாளப் பள்ளிக்குச் செல்கிறது. அங்கே அதன் வீட்டுப் பேச்சு திருந்தாத மலையாளமாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுக் காணிப் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்குச் செல்கிறது. அங்கே அதே பேச்சு கொச்சைத் தமிழாகத் தோன்றுகிறது. இரு புறத்திலும் ஆசிரியர் நல்லெண்ணத்துடனேயே திருத்துகிறார். அவர் திருத்துவது பிழையை அன்று, வேறொரு மொழியை என்பது அவருக்குத் தெரிவதில்லை. நாளடைவில் ஒரே பாட்டனின் பேரர்கள் இருவர், ஒருவர் மலையாளத்திலும் மற்றவர் தமிழிலும் பேசத் தலைப்படுவர். பாட்டன் பேசிய மொழி இருவருக்கும் நடுவே நின்றுவிடும்.

நேயர்களே, இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, தமிழ் சிறுபான்மை மொழி. அதனைப் பெரிய மொழிகள் நெருக்குகின்றன என்று வருந்துகிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் பேச்சிப்பாறை மலைமேல் நெருக்கும் பெரிய மொழி தமிழ்தான். ஒரே மொழி ஓரிடத்தில் சிறியதாகவும் மற்றோரிடத்தில் பெரியதாகவும் இருக்கக் கூடும். சிறுமையின் துன்பத்தை அறிந்தவர், தாம் பெரியவராக இருக்கும் இடத்தில் அதனை நினைவில் கொள்வதே பண்பாடு.

எழுத்து இல்லாமையால் அன்றோ இம்மொழி இடர்ப்படுகிறது, எழுத்து இருப்பின் தானே பிழைத்துக்கொள்ளாதா என்று சிலர் வினவுவர். இவ்வினாவுக்கு விடை காண, கடல்கடந்த நாடொன்றின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நடு அமெரிக்காவில் கௌதமாலா, மெக்சிகோவின் தென்பகுதி, பெலீசு ஆகிய நாடுகளில் மாயன் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் மொழிகள் ஏறக்குறைய முப்பது. கிச்சே, மாம், கக்சிக்கேல், கெக்சி, யுகாத்தெக் என்பன அவற்றுட் சில. மாயன் மக்கள் பண்டே எழுத்து உடையவர். கல்லில் பொறித்தனர், மரப்பட்டைத் தாளில் நூல் எழுதினர். 1562ஆம் ஆண்டில் மானி என்னும் ஊரில் தியேகோ டி லாண்டா என்னும் இசுபானியப் பாதிரியார் அந்நூல்களைத் தீயிலிட்டார். இன்று உலகில் எஞ்சியுள்ள பழைய மாயன் நூல்கள் நான்கே. அவ்வெழுத்தைப் படிக்க வல்லாரும் இல்லாமற் போயினர். 1952ஆம் ஆண்டில் யூரி குனோரோசோவ் என்னும் இரசிய அறிஞர் அதனைப் படிக்கும் வழியைக் கண்டு கட்டுரை எழுதும் வரையில், அக்கல்வெட்டுகள் பெரும்பாலும் ஊமையாகவே நின்றன.

எழுத்து அழிந்தது, மொழி அழிந்ததா? அழியவில்லை. இன்றும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மாயன் மொழிகளைப் பேசுகின்றனர். நூல் எரிந்த பின்னரும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்மொழிகளைக் காத்தது எது? அடுப்பங்கரையும், சோளக் கொல்லையும், சந்தையும், தறியும்தான். தாய் அம்மொழியில் அழைத்தாள். பிள்ளை அம்மொழியில் விடை சொன்னது. அவ்வளவே.

ஆயினும் வீடு மட்டும் போதும் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. கௌதமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர் என்றும், அடையாளம் காணப்பட்டவருள் நூற்றுக்கு 83 பேர் மாயன் மக்கள் என்றும் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் அமைந்த ஆணையம் 1999ஆம் ஆண்டில் அறிவித்தது. அத்தகைய துயரின் நடுவிலும் அம்மக்கள் தம் மொழிகளுக்குப் பொது வாழ்வில் இடம் கேட்டனர். 1990ஆம் ஆண்டில் மாயன் மொழிகளுக்கான கலைக்கழகம் சட்டப்படி அமைந்தது. 2003ஆம் ஆண்டின் தேசிய மொழிகள் சட்டம், அம்மொழிகளைக் கல்வியிலும் ஆட்சித் துறைகளிலும் பயன்படுத்த வழிவகுத்தது.

வானொலியைக் கேட்கும் உங்களுக்கு உவப்பளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. மாயன் ஊர்களில் மக்கள் தாமே சிறு வானொலி நிலையங்கள் அமைத்துத் தம் மொழியில் ஒலிபரப்பினர். உரிமம் இல்லை என்று அவை ஒடுக்கப்பட்டன. வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2021ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம், சும்பாங்கோ ஊரின் கக்சிக்கேல் மக்கள் முதலானோருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தம் மொழியைக் காற்றில் கேட்பதும் ஒரு மக்களின் உரிமை என்பது அதனால் உறுதியாயிற்று.

எல்லா மாயன் மொழிகளும் இவ்வாறு தப்பின என்று கூறுவதற்கில்லை. சிக்கோமுசெல்தெக் என்னும் மொழி இருபதாம் நூற்றாண்டில் பேசுவாரின்றி மறைந்தது. இட்சா மொழியை இன்று பேசுவோர் முதியவர் சிலரே. ஒரே குடும்பத்தில் பிறந்து, ஒரே கொடுமையைக் கண்ட மொழிகளுள் சில வாழ, சில மாண்டன. எழுத்து இருந்ததும் இல்லாததும் இதற்குக் காரணமாகா. பிள்ளைகள் பேசுவதை விட்ட மொழி மாண்டது. விடாத மொழி வாழ்ந்தது.

இப்போது பொதிகைச் சாரலுக்குத் திரும்புவோம். எழுத்தில்லாத மொழியில் அப்படி என்ன செல்வம் இருக்கிறது என்பாருக்கு ஆரோக்கியப்பச்சையின் கதை தக்க விடையாகும்.

1987ஆம் ஆண்டில் அறிவியலார் குழு ஒன்று அகத்தியர் மலைக் காட்டில் ஆராய்ச்சிக்குச் சென்றது. வழிகாட்டியாக வந்த காணி இளைஞர் சிலர், ஏறுமலையில் களைப்பின்றி நடந்தனர். அவர்கள் இடையிடையே சிறு கனிகளைத் தின்று வந்ததை அறிவியலார் கண்டனர். அவர்களுக்கும் தந்தபோது தளர்ச்சி நீங்கக் கண்டு வியந்தனர். எந்தச் செடியின் கனி அது என்று கேட்டபோது இளைஞர் உடனே சொல்லவில்லை. அது தம் மக்களின் மறைபொருள் என்று தயங்கினர். பலமுறை வேண்டிய பின்னரே காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

பாலோடு என்னுமிடத்திலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அச்செடியை ஆராய்ந்து, வேறு மூலிகைகளும் சேர்த்து, ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. 1995ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி நிறுவனத்துக்கு அதனைத் தயாரிக்கும் உரிமம் அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமத்தொகை. அவ்விரண்டிலும் பாதி காணிக்காரருக்கு என்று நிலையம் முடிவு செய்தது. அத்தொகையைப் பெறுவதற்கு 1997ஆம் ஆண்டில் காணி மக்களின் நல அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகின் பல பகுதிகளிலும் இது பேசப்பட்டது. எல்லாக் குடியிருப்பினரையும் கலந்து கொள்ளவில்லை என்ற குறையும் அம்மக்களிடையே எழுந்தது. அதனையும் சொல்லுதல் முறை.

இக்கதையில் நாம் கருத வேண்டியது யாதெனில், அந்தச் செடி மலையில் எப்போதும் நின்றது. அறிவியல் நூல்களிலும் அதன் இனத்துக்குப் பெயர் உண்டு. ஆயினும் அதன் பயனை அறிந்திருந்தது காணிக்காரர் மொழி ஒன்றே. தந்தை மகனுக்குக் காட்டில் நடந்துகொண்டே சொல்லித் தந்த சொற்களில் அந்த அறிவு பொதிந்திருந்தது. மகன் அச்சொற்களைக் கற்காதிருந்தால், செடி அங்கேயே நின்றிருக்கும், மருந்து பிறந்திராது.

விதுரைக்கு அருகிலுள்ள கல்லாறு காட்டில் வாழும் காணிப் பெண்மணி லட்சுமிக்குட்டி அம்மாள் 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஏறத்தாழ 500 மருந்துகளைத் தம் நினைவிலிருந்தே செய்ய வல்லவர் என்று அவரைப் போற்றினர். நினைவிலிருந்து என்னும் சொல்லை நாம் மகிழ்ச்சியோடு கேட்கிறோம். சற்றே அச்சத்தோடும் கேட்க வேண்டும். ஒரு மூதாட்டியின் நினைவு ஒரு நூலகமாக இருக்குமாயின், அந்நூலகத்தின் அடுத்த திறவுகோல் யார் கையில் உள்ளது?

மருந்துக்குப் பயன்படுவதால்தான் ஒரு மொழி மதிப்புடையது என்று நான் கூறவில்லை. எந்த மூலிகையையும் அறியாத மொழியிலும் தாய் தாலாட்டுகிறாள். கிழவர் இறந்தாரை நினைந்து அழுகிறார். அதுவே போதுமான மதிப்பு. ஆயினும் உலகம் பயனைக் கேட்கிறது. ஆகவே பயனையும் சொன்னேன்.

செய்யத்தக்கது ஏதுமில்லையா எனின், உண்டு. ஒடிசா மாநிலத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் அவர்தம் தாய்மொழியிலேயே பாடம் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்கு அழைத்துச் செல்லும் முறையை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கையாள்கின்றனர். கேரளத்து வயநாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் பழங்குடி இளைஞரையே வழிகாட்டி ஆசிரியராகத் தொடக்கப்பள்ளிகளில் அமர்த்தினர். பள்ளி வாயிலில் தன் பேச்சு அறிந்த ஒருவர் நின்றால், பிள்ளை அப்பேச்சை வாயிலுக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டியதில்லை. பொதிகையின் இருபுறத்துப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். அவ்வாறு செய்தால், மலையாளமோ தமிழோ ஒரு சிறிதும் குறைந்துபோகாது.

இனி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எல்லைக்கோடுகள் வரைந்த அதே 1956ஆம் ஆண்டில், அரசியலமைப்பில் 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மும்பையிலும், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அவற்றை வைத்துக்கொள்வதும் இழப்பதும் அவற்றில் பிள்ளைகளைச் சேர்ப்போரின் எண்ணிக்கையைப் பொறுத்ததே.

தமிழ்ப் பள்ளி இல்லாத ஊரில் வாழ்வோர் பலர். அவர்களுக்கு ஒரு சொல். தமிழுக்கு நூல்கள் உண்டு, ஆட்சி உண்டு, ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு. அவற்றை நம்பி நாம் ஏமாந்துவிடலாகாது. சென்னையில் நூலகங்கள் நிறைந்திருப்பதால் நாக்பூரில் உள்ள ஒரு பிள்ளைக்குத் தமிழ் வந்துவிடாது. ஒரு மொழி உலகத்தில் வாழ்வது வேறு. ஒரு வீட்டில் வாழ்வது வேறு. வீட்டைப் பொறுத்தவரை, தமிழும் கிச்சேயும் காணிக்காரர் மொழியும் ஒரே நிலையின. மூன்றுக்கும் ஒரு தலைமுறையே ஆயுள். அத்தலைமுறை முடியுமுன் அடுத்த தலைமுறை பேசத் தொடங்கினால் ஆயுள் நீள்கிறது.

ஆகவே, பிள்ளை ஊர் மொழியில் விடை சொன்னால் சினந்து கொள்ளாதீர்கள். அம்மொழி அதற்கு உணவளிக்கப் போகும் மொழி. அதனை நன்றாகக் கற்கட்டும். ஆனால் அதே விடையைத் தமிழிலும் ஒருமுறை சொல்லச் செய்யுங்கள். தவறாகச் சொன்னால் நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சியே பல பிள்ளைகள் மொழியை விட்டுவிடுகின்றனர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பாட்டியின் அருகில் பிள்ளையைச் சில நாட்கள் இருக்க விடுங்கள். பாட்டி சொல்லும் கைம்மருந்தின் பெயரையும், பயிரின் பெயரையும், உறவின் பெயரையும் அது எழுதி வைக்கட்டும்.

பிறிதொன்றும் வேண்டுகிறேன். நீங்கள் வாழும் மாநிலத்திலும் ஒரு மலை இருக்கும்; அம்மலையிலும் ஒரு சிறு மொழி இருக்கும். அதனைப் பேசும் ஒருவர் உங்கள் தெருவில் கூலி வேலைக்கு வரக்கூடும். அவர் பேச்சைக் கொச்சை என்று சொல்லாதீர்கள். அதன் பெயரைக் கேட்டறியுங்கள். தன் மொழியின் பெயரைப் பிறர் கேட்டறிந்தார் என்பது, சிறு மொழி பேசுவோருக்கு எளிதில் கிடைக்காத மரியாதை.

காட்டாக்கடையிலிருந்து மலைச்சாலையில் செல்வோர் செவியில் அம்மூன்றாவது பேச்சு இன்னும் விழுகிறது. அடுத்த தலைமுறையும் அதனைக் கேட்குமா என்பது அங்குள்ள பிள்ளைகள் எம்மொழியில் விடை சொல்லப் போகின்றனர் என்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டுக்கும் அதுவே அளவுகோல்.